கழிமேட்டு டிராக்டர் சேவை

சென்ற மாதம் செங்கல்பட்டில், எங்கள் பழைய அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு ஒரு பயிற்சி வகுப்பு நடந்தது. 'பல்வகைப் போக்குவரத்து ஒருங்கிணைப்பு: உலக நாடுகளின் கொள்கைகள்' என்பது தலைப்பு. ஓய்வு பெற்றவன் என்ற முறையில் என்னையும் பேசக் கூப்பிட்டிருந்தார்கள். பேசி முடித்ததும் முன் வரிசையில் இருந்த ஒரு பெண் எழுந்து, "சார், உங்க சர்வீஸ்ல நீங்க வேலை பார்த்த திட்டங்கள்ல இன்னிக்கும் ஓடிக்கிட்டிருக்கிறது எது?" என்று கேட்டார்.

"ஒரு டிராக்டர்" என்றேன்.

வகுப்பே சிரித்தது. நான் சிரிப்புக்காகச் சொல்லவில்லை. விளக்கலாம் என்றால் அடுத்துப் பேச வேண்டியவர் மைக்கைக் கையில் வாங்கிவிட்டார். அதனால் இங்கே எழுதுகிறேன்.

என் பெயர் சகாயம். என் அப்பாவும் அம்மாவும் திருக்கழுக்குன்றம் பக்கத்தில் பிறர் நிலத்தில் நடவுக்கும் அறுப்புக்கும் போனவர்கள். மிஷன் பள்ளிக்கூடம், பாலிடெக்னிக், வரைவாளர் வேலை, அங்கிருந்து திட்டப் பிரிவு என்று என் படிப்பும் பயிற்சியும் இந்த ஒரு வரிக்குள் அடங்கிவிடும்.

எங்கள் பிரிவின் வேலையைச் சொல்லிவிடுகிறேன். ரயிலில் வருகிறவர் பஸ்ஸுக்கு மாற வேண்டும், பஸ்ஸில் வருகிறவர் ரயிலுக்கு மாற வேண்டும். மாறுகிற இடத்தில் அவர் மழையில் நனையக் கூடாது, வெயிலில் மயங்கி விழக் கூடாது, வழி தெரியாமல் ஆட்டோக்காரரிடம் மாட்டக் கூடாது. இதற்கெல்லாம் திட்டம் போடுவது நாங்கள். ஆனால் எங்களுக்கென்று ஒரு பஸ் கிடையாது, ரயில் கிடையாது, ஒரு முழம் சாலைகூடக் கிடையாது. எல்லாம் மற்ற துறைகளுடையவை. அவற்றை ஒன்றோடொன்று பேச வைக்க வேண்டும். அவை பேசிக்கொள்ளவில்லை. நாங்கள் மட்டும் கூட்டம் போட்டுப் பேசிக்கொண்டிருந்தோம்.

பிரிவுக்குத் தலைவர் பத்மாவதி மேடம். தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர். பருத்திப் புடவையும் காலில் கான்வாஸ் ஷூவுமாக வருவார். குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. கோப்பை மேஜையில் வைத்துவிட்டு வந்துவிட முடியாது. நின்று வாய்விட்டுப் படிக்க வேண்டும். அவர் ஜன்னலுக்கு வெளியே புளியமரத்தைப் பார்த்துக்கொண்டு கேட்பார். படித்து முடித்ததும் மெதுவாக ஒரே கேள்வி வரும்.

"இது எந்த நாட்டுல இருக்கு?"

அதுதான் அவருடைய நடைமுறை. ஏதாவது ஒரு நாட்டில் அந்த ஏற்பாடு இருந்தால் கண்ணாடியைக் கழற்றி மடித்து வைப்பார். சம்மதம் என்று அர்த்தம். இல்லையென்றால் கண்ணாடி மூக்கிலேயே இருக்கும், கோப்பு நம் கைக்குத் திரும்பிவிடும். அவரைக் குறை சொல்ல மாட்டேன். முன்பு ஒருமுறை அவர் தன் யோசனையாக ஒரு நடைபாலம் கேட்டாராம். மேலிடத்தில், "இதை நீங்களாவா யோசிச்சீங்க?" என்று கேட்டுத் திருப்பி அனுப்பிவிட்டார்களாம். அதிலிருந்து அவர் எதையும் தாமாக யோசிப்பதில்லை.

ஆகவே நாங்களும் கற்றுக்கொண்டோம். பஸ் நிறுத்தத்திலிருந்து ரயில் நிலையம் வரைக்கும் கூரை வேண்டுமென்றால் சிங்கப்பூர் என்று எழுதினோம். ரயில் நிலையத்துக்குள் டீக்கடை வேண்டுமா, ஜப்பான். பஸ் ஏறும் இடத்தில் மேடை வேண்டுமா, பிரேசில். கழிப்பறைக்கு மட்டும் ஒரு நாட்டைக் குறிப்பிட எங்களுக்கே வாய் வரவில்லை. அதனால் அந்தக் கோப்பு கடைசிவரை நிறைவேறவே இல்லை.

நெதர்லாந்தைப் பார்த்து ஜி.எஸ்.டி. சாலை ஓரத்து ஸ்டேஷன் ஒன்றில் இரண்டடுக்கு சைக்கிள் நிறுத்தம் கட்டினோம். அந்த ஊரில் ரயிலுக்கு வருகிறவர் எல்லாம் ஸ்கூட்டியில் வருகிறவர். ஸ்கூட்டி அதில் நுழையவில்லை. கீழடுக்கில் பூக்காரம்மாக்கள் கூடைகளை வைத்தார்கள். மேலடுக்கில் பக்கத்துத் தெருக்காரர்கள் துணி காயப்போட்டார்கள். பார்வையிட்ட குழு, ஓர் இடமும் காலியாக இல்லை என்று மகிழ்ச்சியோடு குறித்துக்கொண்டு போயிற்று.

சுவிட்சர்லாந்தில் ரயில் வந்து நிற்கும்போது பஸ்கள் எல்லாம் காத்திருக்கும், ஆட்களை ஏற்றிக்கொண்டு ஒரே நேரத்தில் கிளம்பும். அதையும் ஒரு நாள் சோதித்தோம். அன்றைக்கு ரயில் வரவில்லை. வழியில் எங்கோ சிக்னல் கோளாறு. விதிப்படி பஸ்கள் கிளம்பவில்லை. பஸ் நிலையம் நிறைந்து, உள்ளே வர முடியாத பஸ்கள் சாலையில் நின்று, ரயில்வே கேட் வரைக்கும் வரிசை நீண்டுவிட்டது. கேட்டை மூட முடியாததால் ரயில் அதற்கு முந்தைய ஸ்டேஷனிலேயே நிறுத்தப்பட்டது. ரயிலுக்காக பஸ்ஸும் பஸ்ஸால் ரயிலும் நின்றன. ஒரு டிரைவர் என்னிடம் வந்து, "சார், அந்த ஊர்ல ரயிலு வரும் சார்" என்றார். அதற்கு மேல் அந்தக் கொள்கையைப் பற்றி யாராலும் ஆராய்ச்சி செய்துவிட முடியாது.

இப்படிப் போய்க்கொண்டிருந்த காலத்தில்தான் கழிமேடு வந்தது.

கழிமேடு, நெம்மேலிக்குத் தெற்கே பக்கிங்காம் கால்வாயின் மேற்குக் கரையில் இருக்கும் சின்னக் குடியிருப்பு. எதிர்க்கரையில் கொஞ்ச தூரத்தில் ஈ.சி.ஆர். கடற்கரைச் சாலை போகிறது. மாமல்லபுரத்துக்கும் சென்னைக்கும் ஓடும் பஸ்களின் நம்பர்கூட இந்தக் கரையிலிருந்து தெரியும். ஏறத்தான் முடியாது. நடுவில் கால்வாய். என்றோ போட்ட ஒரு தரைப்பாலம் தண்ணீருக்குள் மூழ்கிக் கிடந்தது. அதன் மேல் காலை வைத்துத் தடவித் தடவித்தான் ஜனங்கள் அக்கரைக்குப் போவார்கள். கோடையில் முட்டி அளவு, மழையில் மார் அளவு. மேற்கே திருப்போரூருக்குப் போக உப்பளத்து வரப்பு உண்டு. அதில் சைக்கிள் போகும், வேறெதுவும் போகாது. பாலம் கேட்டு எத்தனையோ மனுக்கள். ஆட்கள் குறைவு, பாலம் கட்டினால் படகுப் போக்குவரத்து பாதிக்கப்படும் என்று இரண்டு காரணம் சொல்லி எல்லாமே திரும்பின. கால்வாய் ஆவணப்படி நீர்வழிப் பாதை. அதில் படகைப் பார்த்தவர் அந்தப் பக்கத்தில் யாரும் இல்லை.

ஊரில் எல்லப்பன் என்பவர் ஒரு பழைய டிராக்டர் வைத்திருந்தார். உப்பளத்தில் ஓட்டியது. காலையில் வேலைக்குப் போகிறவர்களையும் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளையும் டிரெய்லரில் ஏற்றித் தரைப்பாலத்தின் மேல் தண்ணீருக்குள்ளேயே ஓட்டி அக்கரையில் விடுவார். மாலையில் திரும்ப அழைத்து வருவார். அவர் மனைவி எஸ்தர் திருவிடந்தைப் பக்கம் ஒரு ரிசார்ட்டில் அறை சுத்தம் செய்யும் வேலை பார்த்தார்.

நீர்வழிக்கென்று இருந்த ஓர் அலுவலகம் ஒரு நாள் அந்த டிராக்டரைப் பிடித்துவிட்டது. குற்றம், நீர்வழிப் போக்குவரத்துக்கு இடையூறு. பிடித்த பிறகு ஒரு சிக்கல். வண்டியை அலுவலகத்துக்குக் கொண்டுபோக வேண்டுமானால் கால்வாய் வழியாகத்தான் ஓட்ட வேண்டும். ஓட்டினால் அதே குற்றத்தை அலுவலகமே செய்ததாகும். ஆகையால் டிராக்டரை மேற்குக் கரையிலேயே ஒரு கான்கிரீட் கம்பத்தோடு சங்கிலி போட்டுப் பூட்டி, சாவியை அங்கிருந்த அதிகாரி எடுத்துப் போய்விட்டார். பிறகு எங்களுக்குக் கடிதம் வந்தது. 'டிராக்டர் என்பது வண்டியா, படகா? வண்டி என்றால் நீரில் அதற்கு அனுமதி இல்லை. படகு என்றால் பதிவு எண்ணும் மிதவை உடைகளும் நங்கூரமும் இல்லை. எந்தப் பிரிவில் தண்டிப்பது என்று தங்கள் கருத்தைத் தெரிவிக்கவும்.'

நான் இடத்தைப் பார்க்கப் போனேன். கிழக்குக் கரையில் ஜீப்பை விட்டுவிட்டு, பேன்ட்டைச் சுருட்டிக்கொண்டு தரைப்பாலத்தில் இறங்கினேன். பாதி தூரத்தில் பாசியில் கால் வழுக்கிற்று. ஒரு கை என் சட்டைக் காலரைப் பிடித்தது.

"இன்னா சார், பாத்து வரக் கூடாதா? இடது பக்கம் ஒடிஞ்சிக் கீது" என்றார் எஸ்தர். வேலை முடிந்து திரும்பிக்கொண்டிருந்தார். ரிசார்ட்டில் போடும் சீருடையை ஒரு பிளாஸ்டிக் கவரில் சுற்றித் தலையில் வைத்திருந்தார்.

கரை ஏறியதும் நான் யாரென்று சொன்னேன். அவர் முகம் மாறியது.

"வண்டிய எப்போ சார் வுடுவாங்க? போன மழைல எங்க பெரிய பொண்ணு இந்த எடத்துலதான் வுழுந்துச்சு. ஜடையப் புடிச்சித் தூக்கினோம். அதுக்கப்புறந்தான் எங்க வூட்டுக்காரு வண்டிய தண்ணில எறக்குனாரு. அத்தயும் பூட்டிட்டீங்க. நான் தெனம் லேட்டு. இன்னொரு நாளு லேட்டா வந்தா வராதன்னு சொல்லிட்டாங்க ஓட்டல்ல."

"நான் பூட்டலைம்மா. வேற ஆபீஸு" என்றேன்.

"எல்லா ஆபீஸும் அக்கரலதான சார் கீது" என்றார்.

அலுவலகம் திரும்பி, டிராக்டர் வண்டிதான், ஆனால் அங்கே வேறு வழியில்லை, விடுவிக்கலாம் என்று குறிப்பு எழுதினேன். மேடம் முன்னால் நின்று படித்தேன். புளியமரத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"தண்ணிக்குள்ள டிராக்டர்ல பயணி ஏத்துறது, எந்த நாட்டுல இருக்கு?"

தேடினேன். ஏதோ ஒரு நாட்டுக் கடற்கரையில், அலை ஏறும் நேரத்தில் ஒரு ஓட்டலுக்கு விருந்தாளிகளை உயரமான டிராக்டரில் ஏற்றிப் போகிறார்கள் என்று கண்டுபிடித்துச் சொன்னேன். மேடம் யோசித்தார். "அது ஓட்டல் ஏற்பாடு, சகாயம். கொள்கை இல்ல" என்றார். கண்ணாடி மூக்கிலேயே இருந்தது.

அந்தச் சமயத்தில்தான் மூன்று நாடுகளிலிருந்து மூன்று நிபுணர்கள் வரப்போவதாகத் தகவல் வந்தது. நம்மைப் போன்ற நாடுகளில் போக்குவரத்து எப்படி ஒருங்கிணைக்கப்படுகிறது என்று பார்த்து அறிக்கை எழுதுவார்களாம். அவர்களுக்கு ஒரே டிக்கெட்டில் ரயில், பஸ், படகு மூன்றிலும் பயணம் செய்து காட்ட வேண்டும் என்று மேலிடம் சொல்லிவிட்டது. ரயில் கூடுவாஞ்சேரியிலிருந்து செங்கல்பட்டு. அங்கிருந்து பஸ்ஸில் மாமல்லபுரம் வழியாக ஈ.சி.ஆர். அதன்பின் கால்வாயில் படகு.

படகு விடத் தண்ணீர் தேடிக் கால்வாய் நெடுக நடந்தோம். ஓர் இடத்தில் ஆகாயத்தாமரை, ஓர் இடத்தில் வெறும் சேறு. கடைசியில் படகு மிதக்கும் அளவுக்குத் தண்ணீர் இருந்தது கழிமேட்டில் மட்டும்தான். படகு கோவளம் பக்கத்திலிருந்து வந்தது. கால்வாய் வழியாக வர முடியாததால் லாரியில் வந்தது.

அன்று காலை ரயில் நேரத்துக்கு வந்தது. பஸ்ஸும் வந்தது. விருந்தினர்களின் தலைவர் வெள்ளைத் தாடி வைத்த உயரமான ஜெர்மானியர். எல்லாவற்றையும் ஒரு சிறு பேனாவால் எழுதிக்கொண்டே வந்தார். கிழக்குக் கரையில் படகு ஏறினோம். மேடம், மூன்று விருந்தினர்கள், நான், டிராக்டரின் சாவியை எடுத்துப் போன நீர்வழி அதிகாரி, படகோட்டி. எல்லோருக்கும் ஆரஞ்சு நிற மிதவை உடை. அதிகாரி தன்னுடையதைச் சட்டைக்கு உள்ளே போட்டிருந்தார், சட்டை கசங்காமல் இருக்க வேண்டும் என்று.

படகு கிளம்பி, அழகாக ஒரு வளைவு எடுத்து, கால்வாயின் நடுவே தரைப்பாலத்தின் மேல் ஏறி உட்கார்ந்துவிட்டது.

படகோட்டி மோட்டாரை முறுக்கினார். புகை வந்தது. துடுப்பை ஊன்றித் தள்ளினார். துடுப்பு சேற்றில் இறங்கிற்று, திரும்பி வரவில்லை. இறங்கித் தள்ளலாம் என்றால் பாலத்துக்கு வெளியே எவ்வளவு சேறு என்று யாருக்கும் தெரியாது. வெயில் ஏறியது. ஒரு கொக்கு வந்து படகின் மூக்கில் நின்று, எங்கள் ஒவ்வொருவரையும் பார்த்துவிட்டுப் பறந்தது.

ஜெர்மானியர் பேனாவை எடுத்தார். "இது திட்டமிட்ட நிறுத்தமா?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். கிண்டல் இல்லை. அவர் ஊரில் திட்டமிடாமல் எதுவும் நிற்காது போலிருக்கிறது.

நான் மேடத்தைப் பார்த்தேன். மேடம் மேற்குக் கரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே எஸ்தரும் வேலைக்குப் போகும் நாலைந்து பெண்களும் தண்ணீரில் இறங்கத் தயாராக நின்றிருந்தார்கள். பக்கத்தில் எல்லப்பன். அவருக்குப் பின்னால், சங்கிலி போட்ட டிராக்டர்.

"ஆமாம்" என்றார் மேடம். "இது மாறுமிடம். இங்கேதான் படகிலிருந்து டிராக்டருக்கு மாற வேண்டும்."

வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அவர் தாமாக எதையும் சொல்லி நான் கேட்டதில்லை. என் காதையே நம்ப முடியவில்லை.

மேடம் அதிகாரியின் பக்கம் திரும்பித் தமிழில், "சாவியக் கொடுங்க" என்றார்.

அதிகாரி சாவி இருந்த சட்டைப் பையைப் பொத்திக்கொண்டார். "மேடம், அது வழக்குச் சொத்து. விடுவிக்கணும்னா எழுத்துல உத்தரவு வேணும்."

மேடத்திடம் எழுதத் தாள் இல்லை. மூன்று பயணத்துக்குமான அந்த 'ஒரே டிக்கெட்' இருந்தது. அதன் பின்புறத்தில், 'டிராக்டரை விடுவிக்கலாம்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். அதிகாரி அதை வாங்கி இரண்டு முறை படித்தார். "மேடம், 'இன்றைய பயணத்துக்கு மட்டும்'னு சேர்த்துடுங்க" என்றார். மேடம் சேர்த்தார். அதிகாரி டிக்கெட்டைப் பையில் பத்திரமாக வைத்துக்கொண்டு, எழுந்து நின்று சாவியைக் கரையை நோக்கி வீசினார். படகு ஆடியது. சாவி கரைக்குப் போகவில்லை. தண்ணீரில் விழுந்தது.

"அய்ய! இத்த வீசவா சம்பளம் குடுக்குறாங்க?" என்றார் எல்லப்பன்.

பெண்கள் எல்லோரும் தண்ணீரில் இறங்கிவிட்டார்கள். காலால் சேற்றைத் துழாவினார்கள். ஜெர்மானியர் எழுந்து நின்று எட்டிப் பார்த்தார். இதுவும் வழக்கமாக நடப்பதுதான் என்று நினைத்திருப்பார். கொஞ்ச நேரத்தில் எஸ்தர் குனிந்து, முகம் தண்ணீரில் படக் கையை விட்டு, சாவியை எடுத்தார். எடுத்தவர் கணவரிடம் கொடுக்கவில்லை. கையை மூடிக்கொண்டு எங்களைப் பார்த்தார்.

"சார், எனக்கு மணியாவுது. மொதல்ல எங்கள அக்கரல வுடணும். அப்புறம் வந்து உங்க போட்ட இழுப்பாரு. சரின்னா சாவி."

அதிகாரி பதறினார். "இன்னாம்மா பேசுற? வெளிநாட்டுக்காரங்க உட்கார்ந்துகினு இருக்காங்க!"

"அவுங்கள யாரும் வேலைய வுட்டுத் தூக்க மாட்டாங்க. என்ன தூக்கிடுவாங்க" என்றார் எஸ்தர்.

மேடம் என்ன சொல்வார் என்று தெரியவில்லை. அவர் எஸ்தரையே கொஞ்ச நேரம் பார்த்தார்.

"சரி. போயிட்டு வாங்க" என்றார்.

சங்கிலி அவிழ்ந்தது. நீண்ட நாள் நின்ற டிராக்டர் உடனே கிளம்புமா என்று பயந்தேன். கறுப்புப் புகை கக்கி, உறுமி, உயிர் பிடித்தது. பெண்கள் டிரெய்லரில் ஏறினார்கள். எங்கள் படகை உரசிக்கொண்டு, எங்கள் மேலெல்லாம் தண்ணீர் தெளித்துக்கொண்டு அக்கரைக்குப் போயிற்று. ஜெர்மானியர் முகத்தைத் துடைத்துக்கொண்டே, "அவர்கள் ஏன் முதலில் போகிறார்கள்?" என்று கேட்டார்.

"அவர்கள் தினமும் போகிறவர்கள். நாம் ஒரு நாள் பயணிகள்" என்றார் மேடம்.

ஜெர்மானியர் வெகுநேரம் எழுதினார்.

பிறகு டிராக்டர் வந்து, படகின் மூக்கில் கயிறு கட்டி, விருந்தினர்களோடு சேர்த்துக் கிழக்குக் கரைக்கு இழுத்துப் போட்டது. திருவிடந்தையில் கோவில் பார்த்தார்கள், சாப்பிட்டார்கள், மகிழ்ச்சியாகப் போனார்கள். எஸ்தர் அன்றைக்கு நேரத்துக்கு வேலைக்குப் போய்விட்டார் என்று பிற்பாடு தெரிந்தது.

மாலையில் அதிகாரி டிக்கெட்டின் பின்புறத்தைக் காட்டி டிராக்டரை மறுபடியும் பூட்டிவிட்டார். இன்றைய பயணத்துக்கு மட்டும்.

மறுநாள் எஸ்தர் எங்கள் அலுவலகத்துக்கே வந்துவிட்டார். வாசலில் பியூன் நிறுத்தியும் நிற்கவில்லை. "உங்கள இழுக்கணும்னா வண்டி, எங்கள இழுக்கணும்னா குத்தமா?" என்று கேட்டார். அறையில் எல்லோரும் வேலை பார்ப்பதுபோல் குனிந்துகொண்டார்கள். உள்ளே மேடத்தின் அறைக் கதவு திறந்துதான் இருந்தது. அவருக்குக் கேட்டிருக்கும். அன்று முழுக்க அவர் எந்தக் கோப்பையும் படிக்கச் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு ஒரு மழைக்காலம் முழுக்கக் கழிமேட்டு ஜனம் தண்ணீரில்தான் நடந்தது. எல்லப்பன் தரைப்பாலத்தின் இரு ஓரமும் சவுக்குக் கம்பு நட்டுக் கயிறு கட்டினார். கயிறும் படகுப் போக்குவரத்துக்கு இடையூறு என்று ஒரு கடிதம் வந்தது. எங்கள் கருத்தைக் கேட்டிருந்தார்கள். மேடம் அந்தக் கடிதத்தை வாங்கித் தம் மேஜையின் அடி இழுப்பறையில் போட்டுப் பூட்டிக்கொண்டார். அது எந்த நாட்டு நடைமுறை என்று நான் கேட்கவில்லை. கயிறு மழை முடியும்வரை அங்கேயே இருந்தது.

கோடையில் நிபுணர்களின் அறிக்கை வந்தது. வழுவழுப்பான தாளில் பெரிய புத்தகம். எங்கள் ரயிலைப் பற்றி ஒரு வரி, பஸ்ஸைப் பற்றி ஒரு வரி. டிராக்டருக்கு இரண்டு பக்கமும் ஒரு முழுப் படமும். நீரிலும் நிலத்திலும் செல்லும் இணைப்புச் சேவை, குறைந்த செலவு, பழுதுபார்க்க எளிது, தினசரிப் பயணிக்குச் சிறப்பு விருந்தினரைவிட முன்னுரிமை தரும் அரிய கொள்கை, பிற நாடுகளும் பரிசீலிக்கத்தக்கது. படத்தில் எஸ்தர் டிரெய்லரில் நின்றுகொண்டு கேமராவை முறைத்துக்கொண்டிருந்தார்.

விடுவிப்புக் கோப்பை மறுபடியும் எடுத்துப் போனேன். நின்று படித்தேன். மேடம் பழக்கத்தில் கேட்டார், "எந்த நாட்டுல இருக்கு?"

அறிக்கையைத் திறந்து முன்னால் வைத்தேன். "இந்தியாவுல இருக்கு, மேடம்."

கண்ணாடியைக் கழற்றினார். மடித்து வைக்கவில்லை. புடவைத் தலைப்பால் வெகுநேரம் துடைத்துக்கொண்டிருந்தார்.

அதன்பின் நடந்ததை நானே நம்பியிருக்க மாட்டேன். மேலிடத்திலிருந்து, பாராட்டப்பட்ட சேவையைத் தொய்வின்றி நடத்த வேண்டும் என்று உத்தரவு. டிராக்டர் விடுதலையாயிற்று; எல்லப்பன் ஒப்பந்த ஓட்டுநர் ஆனார். சேவை என்றால் நிறுத்தம் வேண்டும், இரு கரையிலும் நிறுத்தம் கட்டினார்கள். நிறுத்தம் என்றால் அணுகுசாலை வேண்டும், கிழக்கே ஈ.சி.ஆர். வரை தார் போட்டார்கள். மேற்குக் கரை நிறுத்தத்துக்கு அணுகுசாலை எங்கிருந்து போடுவது? மேற்கே உப்பளம். கிழக்கிலிருந்துதான் வர வேண்டும். கிழக்கிலிருந்து வர வேண்டுமானால் நடுவில் கால்வாய். ஆகவே, டிராக்டர் நிறுத்தத்துக்கான அணுகு வசதி என்ற தலைப்பில், படகு அடியில் போகும் உயரத்துக்கு ஒரு பாலம் அனுமதிக்கப்பட்டது. அந்தக் குறிப்பை எழுதியவன் நான். எழுதும்போது பேனா ஒரு தடவைகூடத் தயங்கவில்லை.

மனிதர்கள் கடக்கக் கேட்ட பாலம் கிடைக்கவில்லை. டிராக்டரின் நிழற்குடைக்குப் போகக் கேட்டதும் கிடைத்தது. திறந்த அன்றே ஒரு மினி பஸ் கழிமேட்டுக்குள் வந்து திரும்பியது. எஸ்தர் வீட்டிலேயே சீருடை போட்டுக்கொண்டு, செருப்போடு, ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்து வேலைக்குப் போனார். மேடம் அதைப் பார்க்க வந்திருந்தார். அந்த வாரமே ஓய்வு பெற்றார். வழியனுப்பும் கூட்டத்தில் எல்லோரும் அவருடைய வெளிநாட்டு அனுபவத்தைப் பற்றிப் பேசினார்கள். அவர் இந்த மண்ணை விட்டு எங்குமே போனதில்லை என்று ஏற்புரையில்தான் சொன்னார்.

பாலம் வந்த பிறகு டிராக்டர் தேவையில்லைதான். ஆனால் நிறுத்த முடியவில்லை. சேவை நின்றால் அதற்கான பாலம் எதற்கு என்று தணிக்கையில் கேட்பார்கள். பாலத்தின் மேல் ஓட்டலாம் என்றால், அறிக்கையில் 'நீரிலும்' என்று இருக்கிறது. ஆகவே டிராக்டர் இன்றும் தினம் ஒரு நடை, பாலத்தின் பக்கத்திலேயே தண்ணீருக்குள் போய்வருகிறது.

செங்கல்பட்டுப் பயிற்சி வகுப்பு முடிந்த மறுநாள் கழிமேட்டுக்குப் போனேன். எல்லப்பனுக்குத் தலை நரைத்துவிட்டது. என்னைப் பார்த்ததும், "ஏறு சார், சும்மாதான் போறேன்" என்றார். மட்கார்டில் உட்கார்ந்தேன். டிராக்டர் தண்ணீரில் இறங்கியது. மேலே மினி பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு போனது. ஜன்னலில் இருந்தவர்கள் எங்களைக் குனிந்து பார்த்தார்கள். கால்வாயின் நடுவே வந்ததும் எல்லப்பன் இன்ஜினை அணைத்தார்.

"என்ன ஆச்சு?" என்றேன்.

"ஒண்ணும் ஆவல சார். டைம் டேபிள்ல கீது. இங்க நிக்கணும். போட்ல வர்ற பாசஞ்சர ஏத்திக்கினு போணுமாம்."

"எந்த போட்?"

எல்லப்பன் தெற்கே பார்த்தார். ஆகாயத்தாமரை கண்ணுக்கு எட்டியவரை ஊதாப் பூவாகப் பூத்துக் கிடந்தது.

"அது தெரியாது சார். இத்தினி வருசத்துல ஒண்ணும் வரல."

"அப்புறம் ஏன் நிக்கிற? யார் பார்க்கப் போறாங்க?"

தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு அவர் சொன்னார்: "நானும் யோசிச்சேன் சார். ஆனா எங்க ஆளுங்க எவ்ளோ வருசம் கரையில நின்னுகினு, பஸ்சு நிக்காம போறத பாத்தாங்கோ. எவனாச்சும் ஒருத்தன் அந்தப் பக்கம் போட்ல வந்துகினு இருந்தான்னு வெச்சிக்கோ, அவனுக்கு நம்மளும் அப்டி பண்ணக் கூடாதுல்ல."

சக்கரங்களைச் சுற்றித் தண்ணீர் மெல்ல நகர்ந்துகொண்டிருந்தது. நாங்கள் இருவரும் தெற்கே பார்த்தபடி, குறித்த நேரம் முடியும்வரை அங்கேயே நின்றோம்.